விசாரித்துப் பார்த்த வங்கி

கரவெட்டி இரத்தினம்மாவின் மூத்த மகள் தனுசியாவுக்கு ஒரே கிழமையில் இரண்டு வேலைக் கடிதங்கள் வந்தன. ஒன்று நெல்லியடியில் அரச வங்கிக் கிளை. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம், முடிவில் பென்சன். மற்றது கொழும்பில் ஒரு தனியார் வங்கியின் முதலீட்டுப் பிரிவு. கொம்பனிகளுக்கு மூலதனம் திரட்டிக் கொடுப்பதும், ஒன்றை இன்னொன்று வாங்கப் பேரம் பேசிக் கொடுப்பதும் அங்கே வேலை. கொம்பனிகளுக்குக் கலியாணத் தரகு என்று சொன்னாலும் பிழையில்லை. ஆனால் அந்த வங்கியே மூன்று வருடமாக நட்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவை விற்கப்போகிறார்கள் என்று பேப்பரிலும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். தனுசியாவுக்கு முப்பத்தைந்து நடக்கிறது. அரச வேலைக்கு வயதெல்லை இந்த வருடத்தோடு சரி. கொழும்பை நம்பிப் போய் அது கவிழ்ந்தால் இரண்டும் இல்லை. ஆனாலும் ஆறு வருடமாக யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் இருந்து, அடுத்தவன் செய்து முடித்த வியாபாரத்துக்குச் சரி பிழை போட்டு அலுத்துப்போனவள் அவள். வியாபாரம் நடக்கிற மேசையில் தானும் இருக்கவேண்டும் என்பது அவளுக்கு ஆசை அல்ல, பசி.

வங்கியின் ஆண்டறிக்கையை அட்டையிலிருந்து அட்டைவரை வாசித்தாள். வங்கி கொடுத்த கடன்கள்தான் ஓட்டை. அந்தப் பிரிவு மட்டும் இலாபம் காட்டியது. விற்றாலும் வாங்குகிறவன் ஆட்களோடு சேர்த்துத்தான் வாங்குவான் என்று கணித்தாள். அந்தக் கணிப்பில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. தெரியாதது ஒன்றுதான்: இடிந்து விழுகிற நேரம் ஆட்களை விட்டுவிட்டு ஓடாத மனிதர் யாராவது அங்கே உண்டா? அதை எந்த அறிக்கையிலும் அச்சடிக்கமாட்டார்கள்.

இரத்தினம்மா தன் பங்குக்கு விசாரித்தாள். பிரிவின் தலைவர் விஜேசுந்தர, குருநாகல்காரர். எங்கே பெண் எடுத்தவர், சகோதரங்கள் எத்தனை, குடிப்பாரா என்று வெள்ளவத்தையில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கைக்கு மூன்று தரம் ஃபோன் எடுத்தாள். மாப்பிள்ளைக்குக் கேட்கிற கேள்வி அத்தனையும் கேட்டு, வங்கியில் காசு இருக்கிறதா என்று மட்டும் கேட்க மறந்துபோனாள்.

தனுசியாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்த பிறகு யோசித்தாள். அம்மாவின் கேள்விகள் பிழை, விசாரிக்கிற வழக்கம் பிழையில்லை. கெட்டிக்காரர் மாப்பிள்ளை வீட்டைப்பற்றி அவர்களுடைய சொந்தக்காரரிடம் கேட்கமாட்டார்கள். அந்த வீட்டோடு வேலிச் சண்டை உள்ள அயலவனிடம் கேட்பார்கள். அவன் உள்ள குறையும் சொல்வான், இல்லாத குறையும் சொல்வான். அவனாலேயே குறை சொல்ல முடியாமல் ஏதாவது மிஞ்சினால் அதை நம்பலாம்.

அந்தப் பிரிவில் விஜேசுந்தரவோடு சண்டை பிடித்துக் கொழுவிக்கொண்டு வெளியேறியவன் சுபாஸ். குருநகர்க்காரன், கம்பஸில் அவளோடு படித்தவன். வியாழன் பின்னேரம் அவனுக்கு ஃபோன் எடுத்தாள். வாயைத் திறந்தவன் அரை மணித்தியாலம் மூடவில்லை. போனஸை வெட்டினார்கள். பதினெட்டுப் பேர் இருந்த இடத்தில் இப்போது ஏழு பேர். மேலிடத்தில் ஒரு கையெழுத்து வாங்க ஒரு மாதம். விஜேசுந்தரவுக்கு மூக்கு நுனியில் கோபம்; ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை நேரத்திலும் ஃபோன் எடுத்துக் கத்துகிற ஆள். தனுசியா ஒன்றையும் மறுக்கவில்லை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அவன் களைத்து மூச்சுவாங்கியபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இப்ப இருக்கிற வேலை உமக்கு எப்பிடிக் கிடைச்சது, சுபாஸ்?"



"அந்தாள், விஜேசுந்தரதான் கதைச்சு எடுத்துத் தந்தது," என்றான் சுபாஸ். "எனக்கு மட்டுமில்லை. வெளியில போன பதினொரு பேருக்கும். ஒருத்தரையும் ஒரு மாதம் சும்மா இருக்க விடேல்லை."

தனுசியாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, நெல்லியடிக்கு வரவில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பினாள். பிறகு குசினிக்குப் போய் அம்மாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

இரத்தினம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு அழுதாள். வீட்டு வாசலுக்கு வந்த அரச உத்தியோகத்தை உதறுகிற பிள்ளையைத் தான் பெற்றதாக அழுதாள். அழுகைக்கு நடுவிலும் கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"அந்த வங்கியைப் பூட்டினால் என்ன செய்வாய், பிள்ளை?"

"பூட்டினால் நான் பன்னிரண்டாவது ஆள், அம்மா."