ஓட்டைத் தாம்பாளமும் ஒரு குரலும்

பச்சமுத்துவுக்கு ஒரு கெட்ட பழக்கம். புதிதாக எதையாவது பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. செஞ்சி கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிற மனிதன், பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், கோட்டை மேல் ஜோடிகளை நிறுத்தி நாலு படம் என்று தன் பிழைப்பைப் பார்த்திருக்கலாம். அதை விட்டு, ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தான். ஸ்பீக்கர் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் மணல். சத்தம் கொடுத்தால் மணல் தானாக ஓடிப் போய்க் கோலமாக நிற்கிறது. அன்றைக்கே அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

பழைய ஸ்பீக்கர் இருந்தது, ஆம்ப்ளிஃபையர் இருந்தது, மைக்கும் இருந்தது. மணலுக்கு ரவை போதும். தட்டு மட்டும்தான் இல்லை. நடுவில் ஓட்டை போட்டு, ஸ்பீக்கரில் நிறுத்திய போல்ட்டோடு அதை முடுக்க வேண்டும். வெல்டிங் கடைக்குப் போனால் ஒரு தகரத்தை வெட்டிக் கொடுத்திருப்பார்கள். வெயிலில் போகச் சோம்பல். வீட்டு அலமாரியில் அகலமாக, பளபளவென்று, ஒரு எவர்சில்வர் தாம்பாளம் அவனைப் பார்த்துச் சிரித்தது. மனைவி அன்புக்கரசி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். டிரில்லிங் மெஷினை எடுத்துவிட்டான்.

அது அவளுடைய தாய்வீட்டுச் சீர். விளிம்பில் ‘சிங்கவரம் வீராசாமி மகள் அன்புக்கரசி’ என்று பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்தன்று புடவையும் தேங்காயும் அதில்தான் வந்தன. அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் ஆரத்தி சுற்றுவது அதில்தான். இது அவனுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இவன் எதையுமே நினைக்கவில்லை, அதுதான் கேடாகப் போயிற்று.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கோலம் அற்புதமாக விழுந்தது. மைக்கில் ‘ஊ’ என்று இழுத்தான். ரவை ஒரு கணம் நடுங்கியது, பிறகு எறும்புக் கூட்டம்போல ஓடி, வட்டத்துக்குள் நட்சத்திரமாக நின்றது. ‘ஆ’ என்று குரலை உயர்த்தினான். நட்சத்திரம் கலைந்து தாமரையானது. எவர்சில்வரில் தன் மூஞ்சியே தெரிந்ததால், மேலே கறுப்புத் துணி கட்டி, கேமராவின் கண்ணுக்கு மட்டும் இடம்விட்டு, பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்துப் படம் எடுத்தான். ஒவ்வொரு ரவைக்கும் நிழல் விழுந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் ஓட்டை ஞாபகம் வந்தது. மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்தான். மேலே வெள்ளி பெயிண்ட் ஒரு பூச்சு. அலமாரியில் இருந்த இடத்திலேயே தாம்பாளத்தை வைத்துவிட்டு, பூனைபோல நடந்து வெளியே வந்துவிட்டான்.

அடுத்த வாரமே வல்லத்தில் அவன் தங்கை ராஜாம்பாள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் பெண்டாட்டி ஆரத்தி சுற்றாமல் வேறு யார் சுற்றுவது? அன்புக்கரசி புதுப் பட்டுப்புடவையில், ஊரே பார்க்க, தாம்பாளத்தோடு நின்றாள். ஆரத்தித் தண்ணீர் நடுவில் வெற்றிலை, வெற்றிலை மேல் கட்டியாகக் கற்பூரம். கற்பூரத்தைப் பார்த்ததும்தான் பச்சமுத்துவுக்கு மெழுகு ஞாபகம் வந்தது. ‘நிறுத்து’ என்று சொல்ல வாயைத் திறந்தான், நாதஸ்வரக்காரர் முந்திக்கொண்டார். இரண்டாவது சுற்றில் மெழுகு உருகிவிட்டது. சிவப்புத் தண்ணீர் முழுவதும் பட்டுப்புடவையில் இறங்கியது.

பந்தல் விழுந்து விழுந்து சிரித்தது. அன்புக்கரசி மட்டும் சிரிக்கவில்லை. தாம்பாளத்தை முகத்துக்கு நேராகத் தூக்கி, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பந்தல் முழுக்கத் துழாவினாள். அந்தக் கண் பச்சமுத்துவின் மேல் வந்து நின்றது.

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். திட்டவும் இல்லை. சொல்லியே ஆகவேண்டியதை ஃபிரிட்ஜிடம் சொன்னாள். “கேஸ் தீந்துடுச்சு, யாராச்சும் போன் போட்டா தேவல” என்பாள், ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்து. சோறு போடுவாள், போர்வை மடிப்பாள், ஒரு வார்த்தை கிடையாது. நிலக்கடலைக் கொல்லையில் பன்றி விரட்டிப் பழகிய தொண்டை அது. சிங்கவரத்தில் அவள் கத்தினால் கோட்டை மேல் குரங்கு திரும்பிப் பார்க்கும் என்று மாமனாரே சொல்வார். அந்தக் குரல் இல்லாத வீட்டில் பச்சமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்கு அழுகை வந்தது.

வந்ததே என்று உட்கார்ந்துவிட்டானா, அதுவும் இல்லை. வெல்டிங் கடையில் தகரம் வெட்டி வந்து, ஸ்டுடியோவில் ‘குரல் படம் எடுத்துத் தரப்படும்’ என்று போர்டு மாட்டிவிட்டான். கடைத்தெரு திரண்டு வந்தது. எதிர்ப் பாத்திரக்கடை பாலசுப்பிரமணியன் ‘வாங்க’வை மூச்சு முட்ட இழுத்ததில் நாலு மூலைக்கும் பூ விழுந்தது. அதைப் பிரேம் போட்டு, கல்லாவுக்கு மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். ஸ்டுடியோ சுவர் முழுக்க ஊர்க்காரர்களின் குரல்கள் தொங்கின. நடுவில் ஓர் ஆணி மட்டும் காலி. அது அன்புக்கரசிக்கு.

அவள் வாயைத் திறக்க வைக்க அவன் செய்யாத கூத்தில்லை. மோட்டாரை நிறுத்தாமல் தொட்டியை வழியவிட்டான். துவைத்துக் காயப்போட்ட புடவையில் கையைத் துடைத்தான். அவள் ஃபிரிட்ஜைப் பார்த்து உச்சுக் கொட்டினாள், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு விஷமம் செய்தான். மிக்சி ஓடுகிற சத்தத்தை மைக்கில் பிடித்துத் தகரத்தில் விட்டான். ரவை கோலமாகவும் நிற்காமல் குப்பையாகவும் கிடக்காமல் அலங்கோலமாகச் சிதறியது. அதைப் படம் எடுத்து, காலி ஆணியில் மாட்டி, கீழே கொட்டை எழுத்தில் ‘என் மனைவி அன்புக்கரசியின் குரல்’ என்று எழுதிவைத்தான்.

அவன் யாரிடமும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பாலசுப்பிரமணியன் மனைவி வள்ளியம்மை மத்தியானமே அன்புக்கரசிக்குப் போன் போட்டுவிட்டாள். “எங்க வூட்டுக்காரர் குரலு பூவா இருக்குது. உன்னுது என்னாடி, கோழி கிளறின மாதிரி இருக்குது?”

சாயங்காலம் அன்புக்கரசி ஸ்டுடியோ வாசலில் நின்றாள். நேராகப் போய்ப் படத்தைப் பார்த்தாள். கீழே எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தாள். கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தகரத்தில் ரவையைத் தூவினாள், மைக்கை எடுத்தாள், ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகினாள். தலையைப் பின்னால் சாய்த்து, கொல்லையில் பன்றி விரட்டுகிற அந்த நீண்ட ‘ஓ’வை விட்டாள்.

பாத்திரக்கடையில் அடுக்கியிருந்த குடங்கள் அதிர்ந்தன. தகரத்தின் மேல் ரவை எழும்பிக் குதித்து, ஓடி, பிரிந்து, சேர்ந்து, வரிக்குள் வரியாக, இதழுக்குள் இதழாக ஒரு கோலம் போட்டது. அப்படி ஒரு கோலம் அந்தச் சுவரில் எங்கும் இல்லை. பச்சமுத்து வாயைப் பிளந்து நின்றான். அவள் மூச்சு தீர்ந்தது. மைக்கை அவள் தகரத்தின் மேலேயே போட்டதும் கோலம் கலைந்து போயிற்று.

“படம் எடுத்தியாய்யா?”

“இல்ல.”

“ஏன்?”

“பாத்துக்கினே நின்னுட்டேன்.”

அன்புக்கரசி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். “சீர்த் தட்டுல ஓட்ட போடத் தெரியுது. வேலயப் பாக்கத் தெரியல. நீயெல்லாம் ஒரு போட்டோக்காரன்.”

பேசிவிட்டாள். ஃபிரிட்ஜிடம் இல்லை, அவனிடம். பச்சமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. “தப்புதான்டி. உன்னக் கேக்காம தொட்டது தப்பு. படம் வரலன்னா போவுது, நீ பேசினியே, அது போதும்.”

அவள் நடு ஆணியில் தொங்கிய மிக்சி படத்தைக் கைகாட்டினாள். “அந்தக் கண்றாவியக் கழட்டு மொதல்ல” என்றாள். கழற்றினான். “நாளைக்கு வந்து இன்னொரு தபா கத்துறேன். இப்ப வூட்டுக்கு வா, சூடா ரசம் வச்சிருக்கேன்.”

வீட்டில் அவனுக்கு ராஜ மரியாதை. நாற்காலியில் உட்காரவைத்து, டிவி போட்டுவிட்டு, தட்டை மடியில் கொடுத்தாள். சோறு போட்டாள். வல்லத்துக் கதை, வள்ளியம்மை கதை என்று வாய் ஓயாமல் பேசினாள். அவன் அந்தக் குரலிலேயே வயிறு நிறைந்துபோய், வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான். தட்டு கொஞ்சம் அகலமாக இருக்கிறதே என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அவள் சோற்றை ஓரமாக ஒதுக்கி, நடுவில் கொதிக்கக் கொதிக்க இரண்டு கரண்டி ரசம் ஊற்றினாள்.

மடியில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தான். விளிம்பில் ‘சிங்கவரம் வீராசாமி மகள்’ வரைக்கும் கண்ணில் பட்டது. மீதியைப் படிப்பதற்குள், அவள் புதிதாக ஊற்றி அடைத்திருந்த மெழுகு உருகிவிட்டது.

அவன் போட்ட கூச்சலுக்கு அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தான். அன்புக்கரசி சாவகாசமாகப் போனை எடுத்து, அவனை விளக்குக்கு நேராகத் திருப்பி, வேட்டியில் பரவிய ரசத்தை அழகாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். “நான் பாத்துக்கினு நிக்க மாட்டேன்” என்றாள். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று, பச்சமுத்துவும் கூடச் சேர்ந்துகொண்டான்.

இப்போது ஸ்டுடியோ சுவரின் நடுவில் இரண்டு ஆணி. ஒன்றில் இதழுக்குள் இதழாக அன்புக்கரசியின் குரல், மறுநாள் சொன்னபடி வந்து கத்திக் கொடுத்தது. பக்கத்தில் மஞ்சளாக, கோணல் மாணலாக, நடுவில் ஒரு கறிவேப்பிலையோடு இன்னொரு படம். அதன் கீழே ‘என் வீட்டுக்காரர் பச்சமுத்துவின் குரல்’ என்று அவள் கையெழுத்தில் இருக்கிறது. இது எந்த எழுத்துக்கு விழுந்த கோலம் என்று பாலசுப்பிரமணியன் ஒருநாள் கேட்டார்.

“‘ஐயோ’வுக்குங்க” என்றான் பச்சமுத்து.