ஒரே மூட்டையில் பத்து சாம்பிள்

வேர்க்கடலை விஷயத்தில் கோதண்டராமன் யாரையும் நம்ப மாட்டார். மூட்டைக்கு மூட்டை கைவிட்டு அள்ளி, உடைத்து, மென்று பார்த்த பிறகுதான் விலை சொல்வார். செஞ்சியில் எண்ணெய் ஆலை நடத்துகிறவர் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த செஸ் மெஷினின் அட்டைப்பெட்டியில் அதன் ஆட்டத் திறமைக்கு '1900 ரேட்டிங்' என்று அச்சடித்திருந்ததை அப்படியே நம்பினார். நம்பினால் லாபம் இருந்தது. செஞ்சி செஸ் கழகத்துக்கு அவர்தான் தலைவர். கடலூரில் நடக்கும் போட்டிக்குக் கழகத்தின் சார்பில் வருஷா வருஷம் போவதோ ஜவுளிக்கடை அமீர் ஜான்.

"மனுசன் ரேட்டிங்ல இன்னா இருக்குது? பொண்டாட்டி திட்டுனா நூறு எறங்கிடும். மெஷினுக்கு வவுறும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல. இந்த வருசம் மெஷினோட ஆளுக்குப் பத்து ஆட்டம். அதிகம் ஜெயிச்சவங்க கடலூருக்கு!" என்று அறிவித்தார்.

"யார் வேணா ஆடலாமாண்ணே?" என்று கேட்டார் அமீர் ஜான்.

"தாராளமா பாய்!"

மெஷின் ஒரு மாதமாகத் தன் வீட்டில் இருந்ததை அவர் சொல்லவில்லை. நாம் அதே காயை நகர்த்தினால் அதுவும் அதே பதிலைத்தான் ஆடும் என்று கண்டுபிடித்ததையும் சொல்லவில்லை. அது ராணியைத் தூக்கிக் கொடுத்துத் தோற்கும் ஒரே ஓர் ஆட்டத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது ஆட்டம் ஜெயித்தார். எல்லாவற்றையும் ஜெயித்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றை மட்டும் பெருந்தன்மையாகத் தோற்றார். ஆட்டத்துக்கு ஆட்டம் புதுசாக ஆடிய அமீர் ஜானுக்கு ஆறுதான் கிடைத்தது.

"நம்ம ரேட்டிங் ரெண்டாயிரத்து முந்நூறு! பாய்க்கு ரெண்டாயிரம் கூடத் தேறாது" என்றார் கோதண்டராமன். பக்கத்திலேயே உட்கார்ந்து அவருடைய ஆட்டங்களைப் பார்த்திருந்த அமீர் ஜான் எழுந்து வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் மனைவியோடு வந்தார். அசீசுன்னிசாவுக்குக் குதிரை எப்படித் தாவும் என்றுகூடத் தெரியாது. புருஷன் சொல்லிக் கொடுத்த காய்களைச் சொல்லிக் கொடுத்த கட்டங்களில் வைத்தாள். மெஷின் ராணியைக் கொடுத்தது. மறுபடி வைத்தாள். மறுபடி கொடுத்தது. பத்துக்குப் பத்து.

"செல்லாது! அதே ஆட்டத்தத்தான திருப்பித் திருப்பி ஆடுது உங்க ஊட்டம்மா!" என்று குதித்தார் கோதண்டராமன்.

"எந்த ஆட்டம்ணே?" என்று சாதுவாகக் கேட்டார் அமீர் ஜான்.

தான் ஆடிய அதே ஆட்டம் என்று கோதண்டராமன் எப்படிச் சொல்வார்?

"ஒரே மூட்டையில பத்து தபா கைவுட்டுட்டு, லாட்டு மொத்தத்துக்கும் வெல பேசுவீங்களாண்ணே?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சூதை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அசீசுன்னிசாவை அனுப்ப வேண்டும். கௌரவம்தான் வென்றது. "மெஷின் பொய் சொல்லாது" என்று பல்லைக் கடித்தபடி அவள் பெயருக்குக் கையெழுத்துப் போட்டார்.

"கடலூர்ல கடல் கிட்டக்க இருக்குதாண்ணே?" என்றாள் அவள்.

தலைவர் என்ற முறையில் கூடவே போக வேண்டியதாயிற்று. முதல் ஆட்டத்தில் அசீசுன்னிசா சிப்பாயை நகர்த்தினாள். எதிரில் இருந்த சிதம்பரத்துக்காரர் யோசித்து, மெஷின் ஒருநாளும் வைக்காத காயை வைத்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இவுரு தப்பா ஆடுறாரு!"

கோதண்டராமன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.