ஏத்திக் கேட்ட கை

மேஜையில் கிடந்த சீட்டுகளை வாரப்போன பெரியம்மாவின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் அக்கா. ஆட்டம் இன்னும் முடியலே.”

“இப்பதான் அடக்கம் பண்ணிட்டு வந்து உக்காந்திருக்கோம். சீட்டாட்டமாடி முக்கியம்?”

“அவருக்கு அதுதானே முக்கியம்.” அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மேஜையைச் சுற்றி மகளின் மருத்துவக் கல்லூரி வகுப்புத் தோழர்கள் மூவர்: நெட்டை, தூங்குமூஞ்சி, வாயாடி. நான்காவது நாற்காலி காலி. நேற்று மத்தியானம் அதில் உட்கார்ந்து “பந்தயத்தை ஏத்துறேன்!” என்று மேஜையைத் தட்டிய அப்பா, தட்டிய கையோடு சாய்ந்துவிட்டார். மூன்று அரை டாக்டர்களும் மாறி மாறி நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். கையில் புத்தகத்தோடு மகள் அறையைவிட்டு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பழுதான இதயம் என்பதால் மருத்துவக் கல்லூரித் தேர்வுக்கு வருஷா வருஷம் அவரை நோயாளியாகக் கூப்பிடுவார்கள். மாணவர்கள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, கோளாறு என்னவென்று சொல்ல வேண்டும். திருதிருவென்று முழிக்கிற பிள்ளைகளைக் கண்டால் அப்பாவுக்கு மனசு தாங்காது. “வால்வு சுருங்கியிருக்கு” என்று காதைக் கடித்துவிடுவார்.

போன வருஷம் அந்த வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அதை மறந்து தேர்வில் பழைய விடையையே சொல்லித் தொலைத்தார். விடிய விடிய ஒரு பிறந்தநாள் விருந்தில் ஆடிவிட்டு நேரே வந்த இந்த மூவரும், நெஞ்சில் நீளத் தையல் கண்ணெதிரே இருக்க, அந்த விடையையே ஒப்பித்துக் கூண்டோடு கவிழ்ந்தார்கள்.

“என்னாலதானே? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேளுங்க” என்றார் அப்பா. மறுதேர்வில் தேறினார்கள். வருவது மட்டும் நிற்கவில்லை. அரை மணி நேரம் நெஞ்சு, மீதி நேரம் சீட்டு.

சத்தம் பொறுக்காமல் மகள் கதவைத் திறப்பாள். “என் கைச் சீட்டை வாங்கி நீ ஒரு ஆட்டம் போடேன்” என்பார் அப்பா. “பரீட்சை முடியட்டும்ப்பா” என்று கதவைச் சாத்துவாள். அது முடிந்தால் அடுத்த பரீட்சை.

“ஒரு தடவைகூட அங்கிள் ஜெயிச்சதில்லை” என்றாள் வாயாடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “கையில ஒண்ணும் இல்லாம ஏத்துவாரா, உடனே அந்த வால்வு டிக் டிக்னு ஓட்டமெடுத்திடும். மூணு பேருக்கும் கேக்கும்.”

“அவருகிட்ட சொல்லவே இல்லையா?” என்றாள் அம்மா.

“சொன்னா அப்புறம் நாங்க எப்படி ஜெயிக்கிறது?” என்றான் தூங்குமூஞ்சி.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மகளும் சிரித்தாள்; ஆனால் வலித்தது. ஒரே வீட்டில் இருந்தும் அந்த நெஞ்சு பொய் சொல்லும் சத்தம் அவளுக்குத் தெரியவில்லை.

நெட்டை எழுந்தான். “அடுத்த வாரம் பரீட்சை. நீ படிக்கணும். நாங்க கிளம்புறோம். இனிமே ஞாயித்துக்கிழமை...” செருப்பைத் தேடினான்.

அவன் போனால் மற்ற இருவரும் போவார்கள். அப்புறம் இந்த வீட்டில் அவளும் அம்மாவும் புத்தகமும்தான்.

“உக்காரு” என்றாள்.

காலி நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்ந்து கிடந்த அப்பாவின் சீட்டுகளை எடுத்து விரித்தாள். உருப்படியாக ஒன்றுகூட இல்லை. இதை வைத்துக்கொண்டா மனுஷன் அவ்வளவு வீராப்பாக மேஜையைத் தட்டினார்!

முகத்தை இறுக்கிக்கொண்டு அவளும் தட்டினாள். “இன்னும் ஏத்துறேன்.”

மூவரும் சட்டென்று அவள் நெஞ்சுப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டார்கள்.