துருப்பிடிக்காதவள்

கீரைச் சோதனைக்கூடத்தின் மூத்த பரிசோதகி பக்கத்தில் வந்து நின்றாலே போதும், குழாயில் இருக்கும் ஊதாக் கரைசல் மஞ்சளாகிவிடும். இலைச்சாறு ஒரு சொட்டும் தேவையில்லை. இதை அவள் வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தாள். அதுவரை சாறு கலந்த குழாய்கள் அவள் மேஜையிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெறுங்கரைசல் அடுத்த அறையிலும் இருப்பது வழக்கம். அன்று அடுத்த அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் வெறுங்கரைசலும் அவள் மேஜைக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அத்தனை குழாய்களும் மஞ்சளாக நின்றன.

இரும்பைப் போலவே உடம்பும் உள்ளுக்குள் துருப்பிடிக்கிறது. அந்தத் துருவைத் தடுக்கும் சத்து இலையில் இருந்தால் ஊதா மஞ்சளாகும். சோதனை அவ்வளவுதான். அந்தக் கணக்கில் அவள் நாற்பத்தேழு இலைகளுக்குச் சான்று எழுதியிருந்தாள். முதலிடம் கசப்புக்கொடி என்று எல்லோரும் அழைத்த ஒரு வேலிக்கொடிக்கு. அதன் பொடி பாக்கெட்டில் விற்றது, பின்பக்கம் அவள் கையெழுத்தோடு. அன்று மதியம் அவள் கேட்டுக்கு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டு, நாற்பத்தேழு இலைகளையும் மற்றவர்களை விட்டுச் சோதிக்கச் சொன்னாள். ஒன்றும் மஞ்சளாகவில்லை. கசப்புக்கொடி மட்டும் லேசாக வெளிறிவிட்டு, மனம் மாறியதுபோல் பழைய நிறத்துக்கே திரும்பியது.

நிர்வாகி பொறுமையாகக் கேட்டார். "இங்க பாருங்கம்மா, சத்து இலையில இருக்கா உங்ககிட்ட இருக்கான்னு வாங்குறவங்க கேக்கப்போறதில்ல. மஞ்சள் வருதுல்ல, அது போதும்" என்றார். மறுவாரம் அவள் நாற்காலியைப் பொடி அடைக்கும் கூடத்தின் நடுவில் போட்டார்கள். அவளும் போய் உட்கார்ந்தாள். பதினோரு வருட உழைப்பு தன் உடம்பின் வேலைதான் என்று எழுதிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாவது மாதம் அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த அக்கா, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலையும் மாலையும் கசப்புக்கொடிப் பொடிதான். இப்போது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அவள் அன்றே பஸ் ஏறிப் போய் அக்காவிடம் கேட்டாள்.

"மாத்திரைய நிறுத்தச் சொல்லி யாரு சொன்னா?"

"பாக்கெட்டுல உன் கையெழுத்து இருந்துதுடி. டாக்டரு யாரோ எவரோ. நீ என் கூடப் பொறந்தவ."

அவள் உண்மையைச் சொல்லவில்லை. நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா கட்டில் அருகிலேயே உட்கார்ந்துகொண்டாள். இலைக்கில்லாத சத்து தன்னிடம் இருக்குமானால் அது அக்காவுக்காவது போகட்டும் என்று கணக்குப் போட்டாள். மூன்று வாரத்தில் இரும்புக் கட்டிலின் துரு உதிர்ந்து கால்கள் பளபளத்தன. நறுக்கி வைத்த ஆப்பிள் இரண்டு நாளானாலும் வெள்ளையாகவே இருந்தது. அக்காவின் தோல் கல்யாணப் பெண்ணுடையதைப் போல மினுங்கியது. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து பார்த்துவிட்டு எந்த சோப்பு என்று விசாரித்தார்கள். சிறுநீரகங்கள் மட்டும் தேறவில்லை. அங்கே இருந்தது துரு இல்லை.

மூன்றாம் மாதக் கடைசியில், மனம் தாளாமல் அக்காவிடமும் அக்கா மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப இத்தன நாளா அந்தக் கசப்ப எதுக்குடி முழுங்கினேன்?"

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் நான்கு நாள் யாரிடமும் பேசாமல் இறந்துபோனாள்.

டாக்டர் வந்தார். மூச்சில்லை, நாடியில்லை. ஆனால் உடம்பு விறைக்கவில்லை, கன்னத்தின் சிவப்பும் மாறவில்லை. இப்படி ஒரு முகத்துக்கு இறப்புச் சான்று எழுதினால் தன் தலைதான் உருளும், நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாளும் அக்கா தூங்குகிறவள் போலவே கிடந்தாள். உறவுக்காரர்கள் அழுவதா காத்திருப்பதா என்று தெரியாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் காலை அக்கா மகள் வந்து எதிரில் நின்றாள்.

"சித்தி, நீங்க கெளம்புங்க. நீங்க இருக்கிற வரைக்கும் அம்மா சாக மாட்டாங்க."

"அடக்கம் முடிஞ்சதும் போறேனே."

"நீங்க போனாத்தான் அடக்கம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனையைத் தாண்டும்போது வீட்டிலிருந்து முதல் அழுகை கேட்டது. பஸ் ஏறுவதற்குள் அக்காவின் உடம்பு விட்டுப்போன நான்கு நாளையும் பிடித்துவிட்டது. ஜன்னல்களை எல்லாம் திறக்க வேண்டியிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டாள்.

வேலையை விட்டாள். கசப்புக்கொடியில் நாரும் பச்சை நிறமும் தவிர ஒன்றுமில்லை என்று பத்திரிகைகளுக்கு எழுதினாள். யாரும் போடவில்லை. கூடத்தில் அவள் இடத்துக்கு வந்தவர் பழைய கோப்பைப் பார்த்து அதே எண்களை எழுதினார். பொடி இன்றும் விற்கிறது.

சில வருடம் கழித்து நகராட்சி ஆவணக் காப்பறை அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவள் வந்தபின் காகிதங்கள் பழுப்பேறுவது நின்றுவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் விடுப்பு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மற்றபடி அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. பதினெட்டு வருடம் அப்படியே போனது.

ஒருநாள் அக்கா மகள் வீட்டுப் பத்திரத்தின் நகல் கேட்டு வந்தாள். அவளுக்குத் தலை நரைத்திருந்தது, முழங்கால் வலியில் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தியின் தலையில் ஒரு நரைமுடி இல்லை. பின்னால் நின்றவர், "பெரியம்மா, இப்படி உக்காருங்க" என்று அக்கா மகளுக்கு நாற்காலி நகர்த்தினார்.

"நல்லா இருக்கியா?" என்றாள் சித்தி.

"வயசாவுது சித்தி."

நகலில் முத்திரை குத்திக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தன் பேனாவையும் நீட்டினாள். அக்கா மகள் கையெழுத்துப் போட்டு, நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சித்தியின் விரல் தன்மேல் படாமல் பேனாவை மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். வரிசையில் அடுத்தவர் முன்னால் வந்தார்.