பக்கத்து ஊர் கேட்காது

திருச்செங்கோட்டில் ஒருவன் ரிக் வாங்கிவிட்டேன் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போர் போடுகிற வண்டி. பின்னாலேயே கம்ப்ரசரையும் குழாய்களையும் சுமந்துகொண்டு இன்னொரு வண்டி, அதில் தொற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு ஆட்கள். வண்டி வடக்கே போய் ஊர் ஊராகத் துளை போடும். ஓனர் இங்கே வெள்ளைச் சட்டையில் கல்யாண மண்டபங்களில் முதல் வரிசையில் உட்காருவார். வேறு ரிக் எதுவும் இந்த ஊருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

ஆகவே, பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டன்ட்டாக இருக்கும் சிவபிரகாஷ் ஒரு சாயங்காலம் வாசலில் நின்று போனில் பேசியதைப் பக்கத்து வீட்டு ஆராயி கேட்டுவைத்ததில் எந்தத் தப்பும் இல்லை. காம்பவுண்டுச் சுவரோரம் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காதை எங்கே கழற்றி வைக்க முடியும்?

"எடுத்துட்டேனுங்க. செகண்ட் ஹேண்ட்தான், ஆனா ரிக்கு அருமையா இருக்குதுங்க. நேத்துப் போட்டுப் பாத்தேன், ராஜஸ்தான் வரைக்கும் போகுது."

கீரை பாதியில் நின்றது. வயது முப்பத்தெட்டு ஆகியும் பெண் அமையாத பையன். அப்பா அம்மா போனபிறகு தானே சமைத்து, தானே சாப்பிட்டு, தானே பாத்திரம் கழுவுகிற பையன். அவன் ரிக் ஓனர்! விளக்கு வைப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அவன் வாங்கியது மேஜையின் ஒரு மூலையில் அடங்குகிற ஒரு கறுப்புப் பெட்டி. ஹாம் ரேடியோக்காரர்கள் அதையும் ரிக் என்றுதான் சொல்வார்கள். பரீட்சை எழுதி, சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, மாடியில் கம்பி கட்டி, முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. அப்படி என்ன பேசுவார்கள்? என் குரல் எப்படிக் கேட்கிறது, உங்கள் ஊரில் மழையா, அவ்வளவுதான். யாராவது இருக்கிறீர்களா என்பதற்கு அவர்கள் பாஷையில் "சி கியூ, சி கியூ". அவன் மணிக்கணக்கில் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்ட ஆராயி, பையன் யாரையோ ரேஷன் கடையில் கியூவில் நிற்கச் சொல்கிறான் என்று வெகுநாள் நினைத்திருந்தாள்.

ஆனால் சிவபிரகாஷுக்கு உலகத்தின் மழை நிலவரம் வேண்டியிருக்கவில்லை. ஈரோட்டு நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பெட்டியில் அவன் பேச ஆரம்பித்து இரண்டு வருஷம். அதில் முதல் சில வாரங்களைத் தள்ளிவிட்டால், மீதி நாளெல்லாம் அவன் ஏங்கியது ஒரே ஒரு குரலுக்கு. அந்தக் குரல் சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் இருந்தது. பெயர் இனியா. பேங்கில் ஆபீசர். அவளும் லைசென்ஸ்காரி. அந்தக் குரலை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

வேடிக்கை இங்கேதான். அவன் மாடியில் கட்டியிருந்தது பத்து மீட்டர் நீளக் கம்பி. அதிலிருந்து கிளம்பும் அலை வானத்தில் போய் இடித்து, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டித்தான் கீழே இறங்கும். நடுவில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் பட்டை நாமம். ராஜஸ்தான் கேட்கும், பக்கத்து ஊர் கேட்காது. சேலத்துக்கு ஒரு மணி நேரத்துப் பஸ் பயணம். அங்கே அவள் பேசுவது இவனுக்கு வெறும் இரைச்சல், இவன் பேசுவது அவளுக்கும் அதே.

இரண்டு பேரையும் கேட்டது நாக்பூரில் இருந்த கைலாசம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்ட மனுஷர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்தான் நடுவில் நின்று அவள் சொன்னதை இவனுக்கும் இவன் சொன்னதை அவளுக்கும் எடுத்துச் சொல்வார்.

"ஒய்.எல். சொல்றாங்க தம்பி, சேலத்துல நல்ல மழையாம். காயப்போட்ட துணியெல்லாம் நனைஞ்சு போச்சாம். ஓவர்."

ஒய்.எல். என்றால் ரேடியோ பாஷையில் பெண். சிவபிரகாஷ் அந்த வாக்கியத்திலிருந்து கைலாசத்தின் கரகரப்பையும் இருமலையும் மெல்ல உரித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஒரு பெண்ணின் குரலைத் தேடுவான். ஒருமுறை அவள் பாட்டே பாடியிருக்கிறாள். "பாடினாங்க, நல்லா இருந்துச்சு. அதை நான் பாடிக் காட்ட மாட்டேன்" என்று முடித்துக்கொண்டார் கைலாசம். அந்த வாரம் முழுக்க இவன் சோற்றில் உப்புப் போட மறந்தான். இன்னொருமுறை, "உங்க குரல் கட்டையா, கீச்சான்னு கேக்கறாங்க. சுமார்னு சொல்லிட்டேன்" என்றார். அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் அவரேதான், யாரும் கேட்காமல், போகிறபோக்கில் சொன்னார்.

போன் நம்பர் கேட்டால் என்ன என்பீர்கள். கேட்கலாம். ரேடியோவில் கேட்டால் நாடே எழுதிக்கொள்ளும். பஸ் ஏறினால் என்ன? ஏறலாம். நேராக ஒரு வார்த்தை பேசியிராத பெண்ணின் வீட்டு வாசலில் போய் எந்த முறையில் நிற்பது?

நாற்பது மீட்டர் என்று இன்னொரு அலைவரிசை உண்டு; அந்த மீட்டர் அலையின் நீளம், கம்பியின் நீளம் அல்ல. அதில் பகலில் பக்கத்து ஊரும் கேட்கும். ஆனால் அதற்குக் கம்பி இரட்டிப்பு நீளம், இருபது மீட்டர் வேண்டும். பாதிக் கம்பி ஆராயி வீட்டு மாடியைக் கடந்தாக வேண்டும். அவள் ஒரே பேச்சில் முடித்திருந்தாள்: "கம்பியில காக்கா உக்காரும். உக்காந்தாச் சும்மா போகுமா? எம்பட வடகத்து மேல போட்டுட்டுத்தான் போகும்."

அவன் புதுப்பெட்டி வாங்கிய வாரம்தான் கைலாசம் அந்தச் செய்தியைச் சொன்னார். "ஒய்.எல்.லுக்கு புரமோஷன் தம்பி. கவுகாத்திக்கு மாத்திட்டாங்க. வர்ற ஞாயிறு போய் வியாழக்கிழமை கிளம்பறாங்க. ஒண்ணும் கவலைப்படாதே, அவ்வளவு தூரம் போயிட்டா உனக்கு நேராவே கணீர்னு கேக்கும்!"

மனுஷர் ஆறுதலாகத்தான் சொன்னார். சிவபிரகாஷ் மைக்கை வைத்தான். பக்கத்தில் இருந்தவரை கேட்காத குரல், இந்தியாவின் இன்னொரு கோடிக்குப் போனால் கேட்குமாம். அங்கே போய்விட்டால் அது குரலோடு சரி. இங்கே இருக்கும்போது ஒருமுறை கேட்டுவிட்டால், கேட்ட தைரியத்தில் பஸ் ஏறிவிடலாம்.

மறுநாள் ஆராயி பணியாரத்தோடு வந்து நின்றாள்.

"ஏஞ்சாமி, இத்தன பெரிய சங்கதியப் பக்கத்தூட்டுக்காரிகிட்டச் சொல்லக்கூடாதா? வண்டி எத்தன அடி போகும்?"

"எந்த வண்டிங்கக்கா?"

"ஒண்ணுந்தெரியாதவனாட்டம் கேக்கறதப் பாரு. ரிக்குதான்!"

அவனுக்கு விளங்கியது. இல்லீங்கக்கா, அது வேற என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான். அதற்குள் அவள், "என்னமோ கம்பி கட்டோணும்னியே, கட்டிக்க கண்ணு. வடகத்த நாங் கீழ காயவெச்சுக்கறேன்" என்றாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. மூடிய வாயில் ஒரு பணியாரத்தையும் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கம்பி ஏறியது. ஞாயிறு பத்து மணிக்கு நாற்பது மீட்டரில் சந்திப்பது என்று கைலாசம் மூலமாக இரண்டு பக்கமும் பேசியாகிவிட்டது. ஞாயிறு விசைத்தறிகளுக்கும் லீவு, மோட்டார் இரைச்சல் இருக்காது. சிவபிரகாஷ் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டான். ரேடியோவில் முகம் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன.

பத்து மணிக்குச் சற்று முன்னால் வாசலில் கார் வந்து நின்றது. ஆராயி முன்னால் வந்தாள். பின்னால் வெற்றிலைச் சிவப்போடு ஒரு பெரியவர்.

"இவிங்க மோகனூரு மயில்சாமி, நமக்குச் சொந்தம். பொண்ணு பி.எட். முடிச்சிருக்குது. சும்மா உன்னயப் பாத்துட்டுப் போலாம்னு வந்தாங்க" என்றாள் ஆராயி. சும்மா வந்தவர் கையில் ஒரு சீப்புப் பழமும் பெண்ணின் ஜாதகமும் இருந்தன. ஆராயி தன் வீட்டிலிருந்தே டீயும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தாள்.

"வண்டி எங்கீங்க ஓடுது இப்ப?" என்று கேட்டார் மயில்சாமி.

"ராஜஸ்தான்லீங்க" என்றாள் ஆராயி, இவனை முந்திக்கொண்டு.

"அதானே பாத்தேன், ஊட்டு முன்னாடி காணமேன்னு. நம்ம தோட்டத்துலயும் ரெண்டு போரு போட்டு ரெண்டுலயும் புகைதான் பறந்துச்சு. மாப்பள வண்டி திரும்பி வந்ததும் மொத போரு நம்முளுக்குத்தான்."

சிவபிரகாஷ் தலையை ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் போதும். எந்த ஓனரின் ரிக் வாசலில் நிற்கிறது? எல்லாம் ராஜஸ்தானில்தான் நிற்கிறது. யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. அவர் கிளம்பும்வரையாவது ஆராயி கம்பியில் கை வைக்க மாட்டாள். மேஜைமேல் பெட்டி ஏற்கெனவே மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

"சிவபிரகாஷ், இனியா பேசறேன். கேக்குதுங்களா? ஓவர்."

இரண்டு வருஷமாக அவன் மனதில் செய்துவைத்திருந்த குரல் குயில் ஜாதி. வந்தது கொஞ்சம் கம்மலாக, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்து அவசரத்தில் கூப்பிடுவதுபோல் இருந்தது. செய்துவைத்திருந்ததை அவன் அந்த நிமிஷமே தூக்கிப் போட்டான்.

மயில்சாமியின் டம்ளர் பாதியில் நின்றது. "ஆருங்க அந்தப் புள்ள?"

"டிவிங்க, டிவி" என்றாள் ஆராயி.

"டிவி இல்லீங்க" என்றான் சிவபிரகாஷ். "அதுதானுங்க ரிக்கு."

"எது?"

"அந்தப் பெட்டிதானுங்க. போர் வண்டியெல்லாம் எங்கிட்ட இல்லீங்க, எப்பவுமே இருந்ததில்லீங்க. முன்னாடியே சொல்லியிருக்கோணும், சொல்லாதது என் தப்புத்தானுங்க. ஒரு நிமிஷம் டீயக் குடிங்க, அவங்களுக்குப் பதில் சொல்லிட்டு வாரேன்."

பெண்ணைப் பெற்றவரை மிக்சர் தட்டோடு விட்டுவிட்டு இன்னொரு பெண்ணோடு பேசப் போன மாப்பிள்ளை இந்தத் தெருவில் இதற்குமுன் இல்லை. போய் என்ன பேசினான் தெரியுமா?

"அஞ்சு ஒம்பதுங்க. ரொம்ப நல்லாக் கேக்குது. இங்க வெயில். கம்பி இருபது மீட்டர், கிழக்கு மேற்காக் கட்டியிருக்குதுங்க. ஓவர்."

இரண்டு வருஷ ஏக்கத்துக்கு வாயில் வந்தது சிக்னலுக்கு மார்க்கும் கம்பியின் நீளமும்! அவள் சிரித்தாள். கைலாசத்தால் ஒருநாளும் கொண்டுவர முடியாத சிரிப்பு.

"இங்கயும் வெயில்தான். நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். வியாழக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு..."

சர்ரென்று இரைச்சல். அவன் திருகிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். பிறகுதான் பக்கத்து மாடியில் கொலுசுச் சத்தம் கேட்டது. ஆராயி முடிச்சை அவிழ்த்து, தன் பங்குக் கம்பியை இவன் மாடிமேல் வீசிவிட்டு, நாலு வீடு கேட்க இறங்கிக்கொண்டிருந்தாள்: "சொந்தக்காரங்க முன்னால எம்மூஞ்சில கரியப் பூசிட்டான்! பணியாரஞ் சுட்டுக் குடுத்தனே, என்னயச் சொல்லோணும்!"

மயில்சாமி எழுந்தார். கோபத்தைக் காட்டிலும் அவருக்குக் குழப்பம்தான் அதிகம். "அப்ப அந்தப் பெட்டி போரு போடாதுங்களா?" என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டு, பழச்சீப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

சிவபிரகாஷ் பழைய குட்டைக் கம்பியை மாட்டினான். நாக்பூர் உடனே கிடைத்தது. சற்று நேரத்தில் அவளும் பழைய அலைவரிசைக்கே வந்துவிட்டாள் போலும். இவனுக்கு அது தெரிய வழியில்லை, கைலாசத்துக்குத்தான் தெரிந்தது.

"கடைசியில சொன்னது கேட்டுச்சான்னு கேக்கறாங்க தம்பி."

"பாதிதாங்க கேட்டுச்சு. மறுபடி ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க."

இரைச்சல் மட்டும் ஓடியது. அவர் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாட்டாங்களாம்."

"ஏனுங்க?"

"என் வழியாச் சொல்ற விஷயம் இல்லையாம்." கைலாசம் இருமினார். "ரெண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் தொண்டையைக் கிழிச்சுக்கிட்டவன் நான். இருக்கட்டும். இப்ப போயிட்டாங்க தம்பி, ஆளைக் காணோம்."

இவன் அப்புறம் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. கதவைப் பூட்டினானா என்று இழுத்துப் பார்க்காமலே போனான் என்று எதிர்வீட்டில் சொல்கிறார்கள். சேலம் பஸ்ஸில் நின்றபடியே போனான்.

ஃபேர்லேண்ட்ஸ் என்பது பெரிய ஏரியா. அவனிடம் விலாசம் இல்லை. மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தெருத் தெருவாக நடந்தான். எந்த மாடியில் கம்பி இல்லை? கேபிள் கம்பி, இன்டர்நெட் கம்பி, துணிக் கம்பி. ஒரு வாட்ச்மேன், "எந்த ஊட்டுக்கு, என்ன வேணும்?" என்று அதட்டினார். காபிக் கடையில் இரண்டு பேர் அவனைப் பார்த்துவிட்டுத் தாங்களும் மேலே பார்த்தார்கள். நடுவில் தூக்கிக் கட்டி இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிற ஒற்றைக் கம்பி, அதுதான் அடையாளம். வெயில் தாழ்கிற நேரத்தில் ஒரு முட்டுச் சந்தின் கடைசி வீட்டில் அது தெரிந்தது. ஒரு பக்கம் ஏற்கெனவே அவிழ்த்தாகிவிட்டது. மாடியில் ஒரு பெண் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கத்தையும் அவிழ்த்து முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பியின் ஒரு முனை கைப்பிடிச் சுவரைத் தாண்டி நழுவித் தெருவில் விழுந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, அந்த முனையக் கொஞ்சம் பிடிங்களேன். கேட்டுல மாட்டிக்கும்."

அதே கம்மல். இரைச்சல் இல்லை, நடுவில் நாக்பூர் இல்லை. அண்ணா என்று கூப்பிட்டதை அவன் அப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முனையைப் பிடித்தான். வாயைத் திறந்தால் பேச வேண்டியிருக்கும், பேசினால் கேட்பது நின்றுவிடும். அதனால் சும்மா பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. இழுக்காதீங்க. ஆங், அப்படித்தான்." அவள் சுற்றச் சுற்றக் கம்பி அவன் கைகளுக்கிடையில் ஓடி மேலே ஏறியது. கடைசி ஒரு முழம் மிச்சம். "போதும்ண்ணா, விட்டுடுங்க."

அவன் விடவில்லை. கம்பி இறுகியது. அவள் மறுபடி எட்டிப் பார்த்தாள், இந்தமுறை முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"முழுசாக் கேக்கலீங்க" என்றான் சிவபிரகாஷ். "கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு... அதுக்கப்புறம் என்னங்க சொன்னீங்க?"

மேலே கம்பியை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. கம்பி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.