சந்தனம் வைத்த இடம்

லுக்குட் வட்டாரத்தில் பழைய மோட்டார் காடி வாங்க நினைக்கிற எவனும் அர்ச்சுனனை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கமாட்டான். முப்பத்தைந்து வருஷம் தகரம் தட்டிச் சம்பாதித்த பேர் அது. காடி பார்க்கக் கிளம்பினால் அவர் கையில் மூன்றே சாமான்: துணி சுற்றிய ஒரு காந்தம், முனை தேய்ந்த ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு டார்ச். பாடியில் காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சேசிஸில் ஸ்குரூ டிரைவர் குத்தி இறங்கினால் அங்கே துருவைத் தவிர ஒன்றுமில்லை. "பெயிண்ட பாத்து மயங்காதீங்க லா, அடியில குனிஞ்சு பாருங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லுவார். நல்ல புத்திதான். வேண்டிய நாளில் அவரே அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அன்றைக்குச் சனிக்கிழமை. மம்பாவில் கல்யாணப் படம் எடுக்கிற டேரன் காலையிலேயே ஒர்க்ஷாப்புக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை.

"அறுபத்தாறாம் வருஷத்துக் காடி அங்கிள். முந்தி எஸ்டேட் தொரை ஓட்டுனது. இன்னும் ஒரிஜினல் நம்பர். டிசம்பர்ல எனக்குக் கல்யாணம். கிளாரிச அதுலதான் சர்ச்சுக்கு ஏத்திட்டுப் போவணும். அப்புறம் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுக்கலாம்."

"எங்க நிக்கிது?"

"சுவா பக்கம் ஒரு எஸ்டேட். ஒரு அங்கிள் தனியா இருக்காரு. பேரு மகேந்திரன்."

மகேந்திரன் அர்ச்சுனனுடைய தங்கை தனலெட்சுமியின் புருஷன். அந்தக் காடி ஒரு பிள்ளையின் உயிரை வாங்கிய காடி என்பது சுவாவில் எல்லோருக்கும் தெரியும். எதனால் வாங்கியது என்பது அர்ச்சுனன் ஒருத்தருக்குத்தான் தெரியும். வயிறு சரியில்லை, வண்டியைத் திருப்பு என்று சொல்லியிருந்தால் டேரன் திருப்பியிருப்பான். அவர் சொல்லவில்லை. எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன், இன்னும் ஒரு நாள் மூடிக்கொண்டால் ஆச்சு என்றுதான் நினைப்பான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூசைக்கு மறுநாள், அந்தக் காடி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற கிராணி முருகையா வீட்டு வாசலில் விலைக்கு நின்றது. மகேந்திரனுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. அவனுடைய ஒரே மகள் புனிதா, ஒன்பது வயது, அதற்குள் பின் சீட்டில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாள். அர்ச்சுனன் முறைப்படி எல்லாம் பார்த்தார். கடைசியில் போனட்டைத் தூக்கினார். முதல் நாள் பூசையில் உள்ளேயும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பேட்டரிக்குக் கீழே, இடது முன் சக்கரத்தைத் தாங்குகிற சேசிஸ் மேல் ஒரு பெரிய சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்புக்குள் துருவால் பெயிண்ட் உப்பிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். பார்க்காமல் விட்டிருந்தால் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்தார்.

ஸ்குரூ டிரைவரை அங்கே கொண்டுபோனார். "அண்ணே, பூசை போட்ட எடம். குத்தாதீங்கண்ணே" என்றாள் பக்கத்தில் நின்ற தனலெட்சுமி. அவருக்கும் கை வரவில்லை. சாமிக்கு வைத்த சந்தனத்தை இரும்பால் சுரண்டுவதா? கிராணி வீட்டு அம்மா வேறு கும்பிட்ட கையோடு வாசலில் நிற்கிறாள். ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தைரியமா எடு மாப்ளே" என்று சொல்லிவிட்டார்.

மூன்றே மாதம். மகேந்திரன் இரவு ஜாகா காவல் வேலை முடித்து வந்த ஒரு காலையில், பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று புனிதாவுக்குக் காலுக்குச் சப்பாத்து வாங்க லுக்குட்டுக்குப் புறப்பட்டான். வளைவில் காடி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் மரத்தில் மோதியது. முன்னால் இடது சீட்டில் இருந்த பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டாள். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன் தூங்கியிருப்பான் என்று ஊர் சொன்னது. தனலெட்சுமி சொன்னாள். கடைசியில் மகேந்திரனும் அதையே சொல்ல ஆரம்பித்தான்.

காடியை இழுத்து வந்து ஒர்க்ஷாப்பில் போட்டவர் அர்ச்சுனன். மறுநாள் அடியில் படுத்துப் பார்த்தார். சந்தனம் வைத்த அதே இடத்தில் சேசிஸ் பிய்ந்து சக்கரம் உள்ளே மடங்கியிருந்தது. தொட்டால் துரு கை நிறைய உதிர்ந்தது. காடி மோதி உடையவில்லை, உடைந்ததால்தான் மோதியிருக்கிறது. அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு சக்கரத்தை நிமிர்த்தினார். மெல்லிய தகரம் ஒன்றை வெட்டி அந்த ஓட்டை மேல் வைத்து வெல்டிங் அடித்து, மேலே கறுப்புப் பெயிண்ட் பூசினார். நசுங்கிய முன்பக்கத்தையும் தட்டிச் சரிசெய்து மகேந்திரன் கொட்டகையில் கொண்டுபோய் விட்டபோது, இனி இதை யார் ஓட்டப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். காரியம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டார். அதற்குள் தனலெட்சுமி துணிமணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். "தூங்கிக் கொன்னுட்டான் எம் புள்ளைய" என்று அவள் சொல்லாத நாளில்லை. அண்ணன்காரர் அவள் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே அதைக் கேட்டார். ஏழு வருஷம் கேட்டார். போன தை மாதம் அவள் சர்க்கரை நோய் முற்றி, கிட்னி கெட்டுச் செத்தாள். "அந்தாளு எம் மூஞ்சில முழிக்கக் கூடாது" என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டுக்கொண்டது. மகேந்திரன் மாலையோடு வந்தபோது வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியதும் இதே அர்ச்சுனன்தான். அந்த மாலையைக் கையில் வாங்கக்கூட இல்லை. என்ன ஜென்மமோ.

எஸ்டேட்டில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தொழிலாளர் லயத்தில் நாலு வீடுதான் பாக்கி. கடைசி வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகையில் காடி நின்றது. கொட்டகைத் தூணில் ஆணியடித்து ஒரு காய்ந்த மாலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அர்ச்சுனன் அதைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"வாங்க மச்சான்" என்றான் மகேந்திரன். முகத்தில் ஒரு வருத்தமும் காட்டவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தான். "நீங்கதான் வருவீங்கன்னு தெரியாது. அடுத்த மாசம் வீட்ட ஒடைக்கிறாங்க. ஃபிளாட்டுல காடி நிப்பாட்ட எடமில்ல, அதான் குடுத்துடலாம்னு."

"ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?" என்றான் டேரன்.

"எம் பொண்டாட்டியோட சொந்த அண்ணன். தம்பி, ஒங்ககிட்ட ஒன்னும் மறைக்க மாட்டேன். இந்தக் காடியிலதான் எம் மக போனா. ஆனா காடி மேல குத்தமில்ல, நான் தூங்கிட்டேன். வாங்குறப்ப மச்சான்தான் பாத்துக் குடுத்தாரு. அவரு கண்ணுல எதுவும் தப்பாது."

"சாரி அங்கிள்" என்றான் டேரன். கொஞ்சம் கழித்து, "அப்ப ஏற்கெனவே நீங்க பாத்த காடிதானா?" என்று அர்ச்சுனனைக் கேட்டான். அவன் குரலில் நிம்மதி தெரிந்தது.

அர்ச்சுனன் வேலையைத் தொடங்கினார். முதலில் என்ஜின் மேல் கையை வைத்தார். விற்கிறவன் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் குளிரில் கிளம்பாத குறை வெளியே தெரியாது. என்ஜின் ஜில்லென்று இருந்தது, மகேந்திரன் ஏமாற்றத் தெரியாதவன். சாவியைத் திருகியதும் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது, புகையில்லை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், கஞ்சி மாதிரி வெள்ளையாக எதுவும் படியவில்லை. நம்பரைக் கிரேன் என்கிற பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிட்டார். கதவுகள் தொங்காமல் சாத்தின. காந்தத்தைக் கூரையிலும் கதவிலும் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார், எல்லா இடத்திலும் ஒட்டியது. சீட்டு, டேஷ்போர்டு, கண்ணாடி எல்லாம் பழையதே.

"வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணித் தொடச்சு வைப்பேன்" என்றான் மகேந்திரன். "தம்பி, அந்த வெயில் தட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கு பாருங்க, புனிதா ஒட்டுனது. முடிஞ்சா அத மட்டும் பிய்க்காதீங்க."

அர்ச்சுனன் எல்லா இடத்தையும் பார்த்தார், அந்த ஒரு இடத்தைத் தவிர. டேரன் போனில் கிளாரிஸுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். "நாளைக்கு அவளக் கூட்டிட்டு வந்து அப்படியே ஓட்டிட்டுப் போயிடுறேன் அங்கிள். ஓட்டலாந்தானே?"

"வேணாம்பா" என்றார் அர்ச்சுனன். "பழசு. சாமான் கெடைக்காது. தொல்ல."

"சாமான் நான் தேடிக்குவேன் அங்கிள்."

மகேந்திரனின் முகம் வாடிவிட்டது. "ஏன் மச்சான் அப்படிச் சொல்றீங்க? அன்னிக்குத் தைரியமா எடுன்னு நீங்கதான சொன்னீங்க. அதுக்கப்புறம் மூணு மாசந்தான ஓடுச்சு. நான் பண்ணுன பாவத்துக்குக் காடி என்ன செய்யும்?"

அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை. நாளைக்குக் கிளாரிஸ் எந்த சீட்டில் உட்காருவாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பைக்குள்ளிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். போனட்டுக்குள் குனிந்து பேட்டரிக்குக் கீழே ஓங்கிக் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது துரு கொட்டியது, தகரம் ஒரு ஓரத்தில் கிழிந்து தொங்கியது.

"ஓட்டுனா சக்கரம் கழண்டுக்கும். ஒங்கள கொன்னுடும் தம்பி" என்றார்.

டேரன் ஓரடி பின்னால் போனான். மகேந்திரன் குனிந்து பார்த்தான். "ஐயோ, கொட்டகையில நின்னு நின்னு வந்துருக்குமோ? மழத்தண்ணி ஒழுகும் மச்சான். நான் கவனிக்கலியே."

பாருங்கள், அவர் தப்பித்துக்கொள்ளப் பாவி மனுஷன் தானே வழி செய்து கொடுக்கிறான். அர்ச்சுனன் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமா மாப்ளே" என்றார். "ஈரத்துல வந்தது."

மகேந்திரன் கையை உள்ளே விட்டுக் கிழிந்த தகரத்தைத் தடவினான். அதன் ஓரத்தில் வெல்டிங் தழும்பு அவன் விரலில் தட்டுப்பட்டது. டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இங்க யாரோ ஒட்டுப் போட்டிருக்காங்களே. கிராணி வீட்டுல போட்டதா?"

இதற்கும் ஆமா என்று சொல்லிவிடலாம். கிராணி முருகையா செத்து, அவர் வீட்டம்மாவும் செத்தாகிவிட்டது, எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. அர்ச்சுனன் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரமாட்டேன் என்றது.

"இல்ல மாப்ளே. நான் போட்டது. அடிபட்ட மறுநாளு."

"எதுக்கு?"

"பிஞ்சிருந்துச்சு. ஏற்கெனவே துரு. அது பிஞ்சுதான் காடி இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. வாங்குற அன்னிக்கே உப்பியிருந்தத பாத்தேன். சந்தனம் வச்சிருந்தாங்க, குத்தாம விட்டுட்டேன்."

மகேந்திரன் டார்ச்சை அணைத்துப் போனட் ஓரத்தில் வைத்தான்.

"அப்ப நான் தூங்கலியா?"

"நீ தூங்கல மாப்ளே."

"எட்டு வருஷமா, படுத்தா அதத்தான் யோசிப்பேன் மச்சான். எந்த எடத்துல கண்ண மூடுனேன், எந்த எடத்துல மூடுனேன்னு. ஞாபகத்துக்கே வராது. அவ என்னமோ பேசிக்கிட்டே வந்தது எல்லாம் ஞாபகம் இருக்கு. தூங்குனது மட்டும் இல்ல. தூங்குனவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்னு நானே சொல்லிக்குவேன்." அவன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டு நாலு அறை விட்டிருந்தால் அர்ச்சுனனுக்குப் பிழைத்தமாதிரி இருந்திருக்கும்.

"தனத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமத்தான் போனாளா?"

அர்ச்சுனன் தலையை ஆட்டினார். மகேந்திரன் அப்போதுதான் காடியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பாளே மச்சான். இங்க வந்து எங்கூடச் செத்திருப்பாளே" என்று சொல்லி அழுதான். டேரன் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அழுது ஓய்ந்ததும் மகேந்திரன் எழுந்து தூணிலிருந்த மாலையைக் கழற்றினான். "அன்னிக்கு நீங்க வாங்காம விட்டது. இத அவ படத்துல போடுங்க. போட்டுட்டு, எங்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லுங்க. அப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க." டேரனைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க தம்பி, காடி விக்கிறதுக்கில்ல" என்றான்.

டேரன் அவரை லுக்குட்டுக்குத் திருப்பிக் கூட்டிப் போனான். அர்ச்சுனன் மடியில் கிடந்த மாலையிலிருந்து காய்ந்த பூ கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து சீட்டெல்லாம் கிடந்தது.

வீட்டுக் கூடத்தில் தனலெட்சுமியின் படம் இருந்தது. காலையில் அவரே வைத்த சந்தனப் பொட்டு கண்ணாடி மேல் காய்ந்திருந்தது. மாலையைப் போட்டார், பாதி நாரும் பாதி பூவுமாகத் தொங்கியது. படத்துக்கு முன்னால் நின்று சொன்னார்.

"தனம், மாப்ள தூங்கல."

ஏழு வருஷம் இதே கூடத்தில் அவள் எதிரே உட்கார்ந்து சோறு போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் வாயில் வராத அந்த மூன்று வார்த்தையைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.