காலி அறைப் பதிவுகள்

மார்ச் பதினொன்றாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு, மின்னணுவியல் துறையின் மூன்றாம் மாடி ஆய்வகத்தில், ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தொழில்நுட்ப உதவியாளர் இறந்துபோனார். இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே மின்பலகைகளில் உதிரிகளைப் பற்றவைத்தவர். மாணவர்களுக்கு அவர் சால்டர் அண்ணன்.

அதே ஆய்வகத்தில் ஓர் ஆய்வு மாணவி நான்கு ஆண்டுகளாக ஒரு கருவியை வடிவமைத்துவந்தாள். மூச்சில் நெஞ்சு ஏறி இறங்கும் அசைவைச் சுவருக்கு வெளியிலிருந்தே ரேடார் அலையால் பிடித்து, உள்ளே எத்தனை பேர் என்று சொல்லும் பலகை. தீப்பிடித்த கட்டடங்களுக்கானது. அதன் மின்சுற்றை அவள் வரையவில்லை. கணினி ஆயிரக்கணக்கான சுற்றுகளை உருவாக்கி, அந்த ஆய்வகத்தில் ஆட்களோடும் ஆளில்லாமலும் அவள் எடுத்துக்கொடுத்த மாதிரிப் பதிவுகளைச் சரியாக எண்ணியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துக் கட்டியது. மிஞ்சிய சுற்று வேலை செய்தது. எப்படி என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆய்வகத்தில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஏப்ரலில் கருத்தரங்கக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு பேர் இருந்தால் மூன்று என்றது. ஒருவர் இருந்தால் பூஜ்யம். யாரும் இல்லாத கூடத்தில் 'பிழை' என்று சிமிட்டியது.

"ஒரு ஆள முழுங்கிடுது சார்," என்றாள்.

"ஆன்டெனாவா இருக்கும்மா. ஜூன்ல ஆய்வேட்ட கொடுக்கணும், இப்பப் போய் கிளறாத," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். "ஆய்வக அறையில் மட்டும் சோதிக்கப்பட்டதுன்னு ஒரு வரி போட்டுரு. என் ஆய்வேட்டுல அந்த மாதிரி ஒம்பது வரி இருக்கு. நான் ஒண்ணும் கெட்டுப்போயிடல."

மறுவாரம் இறந்தவரின் பொருள்களை எடுத்துப்போக அவர் மகள் வந்தாள். இழுப்பறையில் ஓர் இடுக்கி, பூதக்கண்ணாடி, மூக்குக்கண்ணாடி உறை.

"ஆள் எண்ற அக்கா நீங்கதானா? அப்பா உங்களப் பத்திதான் பேசிட்டிருப்பார். 'காலி ரூம் எடுக்கப்போறேன், எல்லாரும் வெளிய போங்க'ம்பீங்களாமே."

"ஆமா."

"அப்ப ஆடாம அசையாம இருப்பாராம். 'மூச்சக்கூட மெதுவா விடுவேன், பாவம், அந்தப் புள்ள படிப்பு'ம்பார். 'வீட்ல மட்டும் குறட்டை தெருவையே எழுப்புது'ன்னு அம்மா வம்புக்கு இழுப்பாங்க."

"உள்ளேயா இருந்தார்?"

"பின்ன? அவர் இடம் அதுதானே அக்கா."

மாணவி கதவைச் சாத்திவிட்டு நடைவழியிலிருந்துதான் பொத்தானை அழுத்துவாள். அவர் வெளியே போனதை அவள் பார்த்ததில்லை. அவரைப் போகச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியதில்லை. நானூற்றுப் பதினாறு காலி அறைப் பதிவுகள். எல்லாவற்றிலும் அவர் இருந்தார்; ஆட்களோடு எடுத்தவற்றிலும் அவரை அவள் எண்ணவில்லை. அவர் ஒருவர் மூச்சுவிட்டால் அறை காலி என்றுதான் பலகை கற்றிருந்தது. வேறு இடங்களில் ஓர் ஆள் குறைந்ததும், ஆளே இல்லாத கூடத்தில் 'பிழை' என்றதும் அதனால்தான்.

உடனே இன்னொன்று தோன்றியது. அப்படியானால், அவர் இறந்தபின், பூட்டிய ஆய்வகத்தில் பலகை 'பிழை' என்றல்லவா காட்டியிருக்க வேண்டும்?

மகள் போனதும், பலகை காட்டிய எண்களின் நாள்வாரிப் பதிவுகளைத் திறந்தாள். பலகை ஓடியது பகலில் மட்டும். மார்ச் பதினொன்றுக்கு முன்பும் பின்பும் ஆளில்லாத நேரம் முழுக்கப் பூஜ்யம்தான். மேசைகளின் அடியில் குனிந்து பார்த்தாள். வெளியே வந்து பூட்டினாள். பூஜ்யம். உள்ளே போய் நின்றாள். ஒன்று.

பேராசிரியர் பதிவுகளை இருமுறை புரட்டினார். "தேர்வாளர்கள் இந்த ரூமுக்குத்தான் வரப்போறாங்க. இங்க சரியாத்தானே எண்ணுது? விடு."

"வேற கட்டடத்துல தீப்பிடிச்சு, உள்ள ஒருத்தர் மாட்டியிருந்தா, காலின்னு சொல்லும் சார். திரும்பிப் போயிடுவாங்க."



ஜூனில் அவள் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. பதிவுகள் தவறானவை என்று துறைக்கு எழுதிக்கொடுத்தாள். பக்கத்துக் கட்டடத்தின் கிடங்கை ஒழித்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு காலிப் பதிவுக்கும் முன்பு, அறையில் யாருமில்லை என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்டார்கள். கணினி புதிய சுற்றை உருவாக்க எட்டு மாதமானது.

புதிய பலகையைப் பதினோரு அறைகளில் சோதித்தார்கள். பத்தில் சரியாக எண்ணியது. பதினோராவது பழைய ஆய்வகம். பேராசிரியரே மேசைகளின் அடியில் தவழ்ந்து பார்த்துவிட்டு வந்து கதவைப் பூட்டினார். பலகை ஒன்று என்றது. ஜன்னலோர ஸ்டூலை வெளியே எடுத்துவிட்டு மறுபடி பூட்டினார்கள். ஒன்று.

முடிவு அட்டவணையின் பதினோராம் வரியில் அவள் அதை அப்படியே எழுதினாள்: இருந்தவர்கள் 0, எண்ணிக்கை 1. தேர்வாளர்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் பட்டம் கிடைத்தது.